இரவில் ஓய்வு கேட்கும் மருந்து

டைனமைட் செய்யும் தொழிற்சாலைகளில் முற்காலத்தில் ஒரு விசித்திர வழக்கம் இருந்தது. ஞாயிறு விடுமுறைக்குப் புறப்படும் தொழிலாளர் சிலர், நைட்ரோகிளிசரினைச் சிறிது தொப்பியின் உட்பட்டையில் தடவிக்கொண்டு வீடு செல்வராம். ஆலையில் அந்தப் பொருள் மூச்சிலும் தோலிலும் ஏறி, திங்கட்கிழமையன்று மண்டையைப் பிளக்கும் தலைவலியைத் தரும். வார நடுவிற்குள் உடல் அதற்குப் பழகிவிடும், வலியும் மறையும். விடுமுறையில் அதனின்று விலகியிருந்தாலோ பழக்கம் கலைந்து, மறு திங்களில் வலி மீளும். அது கலையாதிருக்கவே தொப்பித் தந்திரம்!

தொழிலாளிக்கு அநுகூலமான இந்தப் பழக்கமே நோயாளிக்குப் பாதகமாக முடிவதைத்தான் ஈண்டு சொல்ல விழைகிறோம்.

1847-ல் இத்தாலியின் டூரின் நகரில் அஸ்கானியோ சொப்ரேரோ கண்ட நைட்ரோகிளிசரினை, 1879-ல் லண்டன் மருத்துவர் வில்லியம் மரல் மார்வலிக்கு மருந்தெனப் பிரசுரித்தார். டைனமைட்டைக் கண்ட ஆல்பிரட் நோபெலுக்கே இறுதி நாட்களில் இம்மருந்தைத்தான் டாக்டர்கள் எழுதிக்கொடுத்தனர். இன்று நம்மவர் வாங்கும் ஐசோசார்பைடு டைநைட்ரேட், மோனோநைட்ரேட் மாத்திரைகள் இதன் உறவினவே. இவை உடலினுள் நைட்ரிக் ஆக்சைடாக மாறி இரத்தக் குழாய்களைத் தளர்த்துகின்றன; இருதயத்திற்கு மீளும் இரத்தம் குறைந்து, அதன் பளுவும் குறைகிறது. நைட்ரிக் ஆக்சைடின் இத்தொழிலை விளக்கிய மூவருக்கு 1998-ல் பரிசு கிடைத்தது. அப்பரிசும் நோபெல் பெயரால் வழங்குவதே!

இம்மருந்து இரத்தத்தில் இரவும் பகலும் குறையாமல் நிற்குமாயின், ஓரிரு நாளிலேயே குழாய்கள் அதற்கு இணங்காமல் போகின்றன. நைட்ரோகிளிசரினைப் பயன்படும் வடிவிற்கு மாற்றும் நொதி அயர்ந்துவிடுவதும், குழாய்ச் சுவரில் தீய ஆக்சிஜன் துகள்கள் பெருகுவதும் காரணங்களுள் அடங்கும். தோலில் ஒட்டும் மருந்துப் பிளாஸ்திரி 1980-களில் வந்தபோது, 24 மணி நேரமும் சீராக மருந்து கசிவதே அதன் சிறப்பாகக் கருதப்பட்டது. அச்சீர்மையே குற்றமாயிற்று. ஒருநாள் கழியுமுன்பே பலன் மங்கியது. அளவைக் கூட்டியும் மீளவில்லை. ஆகவே இப்போது காலையில் ஒட்டி, இரவில் 10 முதல் 12 மணி நேரம் எடுத்துவைக்கச் சொல்கின்றனர்.

ஊரிலிருந்து டில்லிக்கும் மும்பைக்கும் வந்து மக்களுடன் தங்கும் பெரியோருக்கு மாத்திரை எடுத்துக்கொடுப்பவர்கள் பெரும்பாலும் மருமகளோ பேரப்பிள்ளைகளோதாம். மருந்துச் சீட்டில் ‘இருவேளை’ என்றிருந்தால், காலை 8 மணி, இரவு 8 மணி என்று சரிபாதியாய்ப் பிரித்துக் கொடுப்பது நம் வழக்கம். கடைக்காரரும் அட்டையில் 1-0-1 என எழுதிவிடுகிறார். கிருமிக்கொல்லி மருந்துகள் பலவற்றிற்குப் பொருந்தும் இம்முறை இதற்குப் பொருந்தாது. சாதாரண மோனோநைட்ரேட்டைக் காலை 8 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் கொடுப்பதே முறை. பிறகு 17 மணி நேரம் இடைவெளி. டைநைட்ரேட்டாயின் காலை, நண்பகல், மாலை 5 மணி போல முடித்துவிடுவர். மெல்லக் கரையும் வகையைக் காலையில் ஒரே முறை தருவர். அக்கறையோடு இராப்பொழுதும் கொடுக்கும் மருமகள், அறியாமலே மருந்தை வலுவிழக்கச் செய்கிறாள். குறை அவளுடையதன்று, நேரத்தை எழுதாத சீட்டினுடையது.

எனினும் இதைப் படித்துவிட்டு எவரும் தாமே வேளையை மாற்றுதல் கூடாது. சிலருக்கு மார்வலி இரவிலேயே வரும். அவர்க்கு டாக்டர் ஓய்வு நேரத்தைப் பகலில் வைத்திருக்கக்கூடும். மருந்தில்லாப் பொழுதைக் காக்க வேறு மாத்திரையும் சேர்த்திருக்கலாம். திடீரென நிறுத்துவதும் அபாயம். அடுத்த முறை செல்லுகையில், ‘எத்தனை வேளை’ என்பதோடு ‘எத்தனை மணிக்கு’ என்றும் கேட்டு, சீட்டிலேயே எழுதி வாங்குக.

வலி வந்தவுடன் நாவின் கீழ் அடக்கும் மாத்திரைக்கு மட்டும் இக்கணக்கு இல்லை. அது நள்ளிரவானாலும் உரியதே. உட்கார்ந்தபடி அடக்கிக்கொள்ள வேண்டும். 5 நிமிடத்தில் வலி தணியாவிடில், விடியட்டும் என்றிராது உடனே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுக.