மீன் சாகவில்லை என்றால் சாயம் நல்லதா?

தொழிற்சாலைக் கழிவுநீரை ஆற்றில் விடலாமா, கூடாதா? இதற்கு நம் நாட்டு விதிகளில் பல தேர்வுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றை எழுதுவது மீன். 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் உள்ள பொதுத் தரநிலையின்படி, நல்ல தண்ணீர் ஒரு சொட்டுகூடக் கலக்காத கழிவுநீரில் மீன்களை 96 மணி நேரம் விட வேண்டும். நூற்றுக்கு 90 மீன்கள் பிழைத்திருந்தால் பாஸ்!

கழிவுநீர் முழுவதையும் சோதிப்பது ஒரு வகை. ஒரே ஒரு செயற்கைச் சாயத்தை எடுத்து, அது நன்னீர் மீனுக்கு எந்த அளவுக்கு விஷம் என்று பார்ப்பது இன்னொரு வகை. நம் ஊர்க் கல்லூரிகளின் விலங்கியல் துறைகளில் ரோகு, கட்லா, கெண்டை, திலாப்பியா போன்ற மீன்களை வைத்துச் செய்யப்படும் ஆய்வுகள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகைதான்.

எப்படிச் செய்கிறார்கள்? ஒரே வயது, ஏறக்குறைய ஒரே நீளமுள்ள மீன்குஞ்சுகளை வாங்கிவந்து, பத்து நாளுக்குக் குறையாமல் ஆய்வகத் தண்ணீருக்குப் பழக்குகிறார்கள். குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்ற முடியாது. அதிலுள்ள குளோரினே மீனைக் கொன்றுவிடும். பழி சாயத்தின் மேல் விழும். சோதனைக்கு ஒரு நாள் முன்பே தீனியை நிறுத்திவிடுவார்கள். தின்றால் கழிவு வரும், கழிவிலிருந்து அம்மோனியா வரும், அதுவும் மீனுக்கு விஷம்.

பிறகு தொட்டிகள். ஒன்றில் சாயமே இருக்காது. மற்ற ஐந்திலும் சாயத்தின் அளவு படிப்படியாக ஏறும். 1, 2, 3, 4 என்று அல்ல. லிட்டருக்கு 1, 2, 4, 8, 16 மில்லிகிராம் என்று மடங்கு மடங்காக. ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போனால் விஷம் இரட்டிப்பு. பதினைந்திலிருந்து பதினாறுக்குப் போனால் மீனுக்கு வித்தியாசமே தெரியாது. ஒவ்வொரு தொட்டியிலும் குறைந்தது 7 மீன்கள் வேண்டும் என்கிறது ஓஇசிடி அமைப்பின் சர்வதேச வழிகாட்டி. பத்துப் பத்தாக விடுவது பரவலான வழக்கம்.

24, 48, 72, 96 மணி நேரங்களில் கணக்கெடுப்பு. மீன் செத்துவிட்டதா என்பதைக் கண்டுபிடிப்பதற்கும் விதி உண்டு. செவுள் மூடி அசையக் கூடாது; வாலடியைத் தொட்டால் துள்ளக் கூடாது. செத்ததை உடனே எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் அது அழுகி மற்றவற்றுக்கும் ஆபத்து. சாயமில்லாத தொட்டியில் பத்துக்கு ஒன்றுக்கு மேல் செத்தால் மொத்த சோதனையும் செல்லாது. பிரச்னை சாயத்தில் இல்லை, வளர்ப்பில் இருக்கிறது என்று அர்த்தம்.

கணக்கு இப்படி வந்ததாக வைத்துக்கொள்வோம்: 1 மி.கி. தொட்டியில் ஒன்றும் சாகவில்லை, 2இல் ஒன்று, 4இல் மூன்று, 8இல் ஏழு, 16இல் பத்தும். பாதி மீன்களைக் கொல்லும் அளவு 4க்கும் 8க்கும் நடுவே, சுமார் 5.7 மி.கி. என்று வரும். இதற்குத்தான் 'எல்சி50' என்று பெயர். ஏன் பாதி? எந்தக் கூட்டத்திலும் சட்டென்று சாகிற நோஞ்சானும் இருக்கும், எதற்கும் அசையாத கெட்டிக்காரனும் இருக்கும். அந்த இரண்டு ஓரங்களை நம்பினால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விடை வரும். நடுப்புள்ளிதான் ஓரளவு நிலையாக நிற்கும். மருந்துகளின் வீரியத்தை அளக்க 1927இல் ஜே.டபிள்யூ. டிரெவன் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி முன்வைத்த யோசனை இது.

செய்திகளில் அடிக்கடி தலைகீழாகப் போகிற விஷயம் ஒன்று: எல்சி50 எண் பெரிதாக இருந்தால் விஷம் குறைவு, சிறிதாக இருந்தால் விஷம் அதிகம்.

எல்லாச் சாயமும் ஒன்றல்ல

சந்தையில் இருந்த ஆயிரக்கணக்கான சாயங்களின் முடிவுகளை 1980 வாக்கில் தொகுத்துப் பார்த்தார்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கும் குறைவான அளவிலேயே பாதி மீன்களைக் கொன்றவை நூற்றுக்கு இரண்டுதான். ஆச்சரியமாக இருக்கிறதா? பருத்தித் துணிக்குப் போடும் ரியாக்டிவ் சாயங்கள் பலவும் இந்த நான்கு நாள் தேர்வில் எளிதாகத் தேறிவிடும். தேறாதவற்றில் முக்கியமானவை பேசிக் சாயங்கள். இவற்றுக்கு நேர்மின்னூட்டம் உண்டு. செவுளின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் மிகுந்திருப்பதால் போய் ஒட்டிக்கொள்ளும். மீனின் ரத்தத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே செவுளில் இருப்பது மெல்லிய சவ்வு மட்டுமே. அதில் கோளாறு என்றால் மூச்சு முட்டும். மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும், சளியைக் கக்கும், நிலைதடுமாறிச் சாயும்.

அந்தப் பொல்லாத கூட்டத்தில் ஒன்று மாலகைட் பச்சை. 1877இல் செயற்கையாகத் தயாரிக்கப்பட்டது. உங்கள் வீட்டில் மீன்தொட்டி இருந்தால் இதை நீங்களே கையாண்டிருக்கலாம். வெள்ளைப்புள்ளி நோய்க்குக் கடையில் தரும் பச்சை அல்லது நீலப் பச்சைச் சொட்டு மருந்துகள் பலவற்றில் இருப்பது இதுதான். நோய்க்கிருமியைக் கொல்லும் அளவுக்கும் மீனைக் கொல்லும் அளவுக்கும் இடைவெளி குறைவு. 'இன்னும் நாலு சொட்டு சேர்த்து விடுவோமே' என்ற ஆசை இங்கே செல்லாது.

இதில் இன்னொரு சூட்சுமம். மீனுக்குள் போன மாலகைட் பச்சை, நிறமே இல்லாத 'லியூகோ' வடிவத்துக்கு மாறி, கொழுப்புள்ள திசுக்களில் நீண்ட நாள் தங்கிவிடும். மீன் ஜோராக நீந்தும். 96 மணி நேரக் கணக்கில் அது 'பிழைத்த மீன்'. ஆனால், அதை யாராவது குழம்பு வைத்துச் சாப்பிட்டால்? அமெரிக்கா, ஐரோப்பா உட்படப் பல இடங்களில் உணவு மீன்களுக்கு இதைப் பயன்படுத்தத் தடை இருப்பது இதனால்தான். பச்சை மிளகாய், பாகற்காயைப் பளபளப்பாகக் காட்டவும் இதே சாயத்தைப் பூசுகிறவர்கள் உண்டு. லிக்விட் பாரஃபினில் நனைத்த பஞ்சால் தேய்த்துப் பாருங்கள், பஞ்சு பச்சையானால் கலப்படம் என்கிறது உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ.

நொய்யல் சொன்ன கதை

சரி, ரியாக்டிவ் சாயங்கள் மீனை உடனே கொல்வதில்லை. அப்படியென்றால் திருப்பூரின் நொய்யலுக்கு என்ன ஆனது? அங்கே பனியன் துணிக்குப் போட்டவை பெரும்பாலும் இந்த ரியாக்டிவ் சாயங்கள்தானே!

சாயம் நூலில் பிடிக்க உப்பு வேண்டும். ஒரு லிட்டர் சாயக் குளியலுக்குப் பத்துக்கணக்கான கிராம் உப்பு. அந்த உப்பு துணியில் தங்காது. முழுவதும் கழிவோடு போகும். பாசனத்துக்காக 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் இந்தக் கழிவு தேங்கியது. அணை திறந்தால் சந்தோஷப்பட வேண்டிய விவசாயிகளே, திறக்காதீர்கள் என்று சொல்லும் நிலை வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகாதபடி சுத்திகரிக்க வழிசெய்த பிறகுதான் பட்டறைகள் மறுபடி இயங்கின.

தனிச் சாயத்தைத் தொட்டியில் சோதித்தவரின் நோட்டில் இந்த உப்பு இருக்காது. சோடா, அமிலம், சோப்பு எதுவும் இருக்காது. நிறம் வெயிலை மறைப்பதால் நீருக்கடியில் பாசி வளராமல் போவதும் அங்கே பதிவாகாது. காற்றில்லாத சேற்றில் சில அசோ சாயங்கள் உடைந்து, புற்றுநோயை உண்டாக்கக்கூடிய அமீன்களாக மாறுவது நான்கு நாளில் முடிகிற சமாசாரமும் அல்ல. முழுக் கழிவுநீரிலேயே மீனை விட்டுப் பார்க்கச் சொல்லும் விதி, உப்பு விஷயத்தில் கொஞ்சம் விவரமானது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால், அதற்கும் கெடு 96 மணி நேரம்தான்.

முட்டையிலிருந்து குஞ்சுப் பருவம் வரை வாரக்கணக்கில் சாயத்திலேயே வளர்த்து, பொரித்தது எத்தனை, ஊனமானது எத்தனை, வளர்ச்சி எவ்வளவு என்று பார்க்கும் சோதனைகளும் இருக்கின்றன. செலவு அதிகம், ஆளும் நேரமும் அதிகம். அதனால் குறுகிய காலச் சோதனைகளே எண்ணிக்கையில் மிகுதி.

இத்தனை மீன்களைக் கொல்லத்தான் வேண்டுமா என்ற கேள்விக்கும் பதில் வரத் தொடங்கியிருக்கிறது. மீன் செவுளிலிருந்து வளர்த்த செல்களில் ரசாயனத்தைச் சோதிக்கும் முறையை 2021இல் ஓஇசிடி ஏற்றுக்கொண்டது. நம் பக்கத்தில், ராணிப்பேட்டை மாவட்டம் மேல்விஷாரத்தில் உள்ள சி. அப்துல் ஹக்கீம் கல்லூரியில் மீன் செல்களை வளர்க்கும் பணி பல ஆண்டுகளாக நடக்கிறது. விரால் மீனின் செவுள், சிறுநீரகச் செல்களில் அங்கே அவர்கள் சோதித்துப் பார்த்த நச்சுகளில் ஒன்று, அதே மாலகைட் பச்சை.