தண்ணீரில் தறி ஓடுமா?

மின்சாரம் நீரைப் பிளக்கும் விந்தை

தண்ணீர் நெருப்பை அணைக்கும். இது சிறு குழந்தைக்கும் தெரியும்.

ஆனால் அந்தத் தண்ணீருக்குள்ளேயே எரியும் வாயு ஒன்று இருக்கிறது! மற்றப் பொருள்கள் எரிவதற்கு உதவும் வாயு ஒன்றும் இருக்கிறது. தண்ணீரில் மின்சாரத்தைப் பாய்ச்சினால் போதும். இரண்டும் பிரிந்து குமிழி குமிழியாக வெளியே வந்துவிடும்.

அப்படியானால் தண்ணீரைப் பிளந்து, அந்த வாயுவை எரித்து மோட்டார் ஓட்டக் கூடாதா? மின் கட்டணம் இல்லாமலே தறி ஓட்டக் கூடாதா?

மற்ற ஊர்களில் இது வேடிக்கைக் கேள்வி. சோமனூரில் இது வயிற்றுப்பாட்டுக் கேள்வி.

தறிச் சத்தம்

கோவைக்கும் திருப்பூருக்கும் நடுவே இருக்கிறது சோமனூர். விசைத்தறிக்குப் பெயர் போன ஊர். சுற்றிலும் உள்ள கிராமங்களிலும் "டக் டக்" என்று தறிச் சத்தம் கேட்கும். பாவும் நூலும் வரும். காடா துணி நெய்து போகும். நெய்பவருக்குக் கூலி கிடைக்கும்.

மின்சாரம் நின்றால் சத்தம் நிற்கும். சத்தம் நின்றால் கூலியும் நின்றுவிடும்.

2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் மின் கட்டணம் உயர்ந்தது. விசைத்தறிக்காரர்களின் கவலையும் உயர்ந்தது. இரண்டு மாதங்களுக்கு 750 யூனிட் என்று இருந்த இலவச மின்சாரத்தை 2023-ல் அரசு 1,000 யூனிட்டாக உயர்த்தியது.

இத்தகைய ஊருக்கு ஒருவர் வந்து, "தண்ணீரிலிருந்து மின்சாரம் எடுக்கும் எந்திரம் இருக்கிறது. கொஞ்சம் பணம் போடுங்கள்" என்று சொன்னால் என்ன ஆகும்? கஷ்டப்படுகிறவருக்கு ஆசை வருவது இயற்கை. ஆகையால் தண்ணீரின் கதையை எல்லோரும் தெரிந்துகொள்வது நல்லது.

இரண்டு வாயுக்கள்

தண்ணீர் தனிப் பொருள் என்றுதான் பல நூறு ஆண்டுகள் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அது தவறு. தண்ணீர் ஒரு கூட்டுப் பொருள். அதன் மிக நுண்ணிய துகளை மூலக்கூறு என்கிறோம். ஒவ்வொரு மூலக்கூறிலும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களும் ஒரு பிராண வாயு அணுவும் கைகோத்திருக்கின்றன.

பிராண வாயு, அதாவது ஆக்சிஜன், நாம் சுவாசிக்கும் வாயு. அது இல்லாவிட்டால் அடுப்பும் எரியாது.

ஹைட்ரஜன் எல்லா வாயுக்களிலும் லேசானது. காற்றைவிட 14 மடங்கு லேசு. தீப்பட்டால் குபீரென்று பிடித்துக்கொள்ளும். இந்த வாயுவை நிரப்பிய "ஹிண்டன்பர்க்" என்ற ஜெர்மன் ஆகாயக் கப்பல் 1937 மே 6-ந் தேதி அமெரிக்காவில் தரை இறங்கும்போது தீப்பிடித்தது. சில விநாடிகளில் எரிந்து விழுந்தது. 36 பேர் மாண்டார்கள்.

லண்டனில் ஒரு சோதனை

1800-ம் ஆண்டில் இத்தாலி நாட்டு விஞ்ஞானி வோல்ட்டா ஒரு புதிய சாதனத்தைப் பற்றி உலகுக்கு அறிவித்தார். ஒரு வெள்ளித் தகடு, ஒரு துத்தநாகத் தகடு, நடுவே உப்பு நீரில் நனைத்த அட்டை. இப்படியே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். அதிலிருந்து மின்சாரம் ஓயாமல் வந்தது. இன்றைய பாட்டரியின் தாத்தா அதுதான்!

செய்தி லண்டனுக்குப் போயிற்று. அங்கே நிக்கல்சன் என்பவரும், கார்லைல் என்ற சர்ஜனும் அதே போல ஓர் அடுக்கைச் செய்தார்கள். கம்பி நன்றாகத் தொடுவதற்காகத் தகட்டின்மீது ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார்கள். அந்தச் சொட்டில் குமிழி கிளம்பியது!

இருவரும் வியந்தார்கள். ஒரு கண்ணாடிக் குழாயில் தண்ணீர் நிரப்பி இரண்டு கம்பிகளையும் அதில் வைத்தார்கள். ஒரு கம்பியில் ஹைட்ரஜன் வந்தது. இன்னொரு கம்பியில் பிராண வாயு வந்தது. மின்சாரம் தண்ணீரைப் பிளந்துவிட்டது!

இப்படி மின்சாரத்தால் ஒரு பொருளைப் பிரிப்பதற்கு "மின்னாற்பகுப்பு" என்று பெயர்.

நீங்களும் பார்க்கலாம்

பள்ளிப் பிள்ளைகள் பெரியவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதை வீட்டிலேயே பார்க்கலாம்.

இரண்டு பென்சில்களை இரு முனையிலும் சீவிக்கொள்ளுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகை சலவை சோடாவைக் கரையுங்கள். சுத்தமான தண்ணீரில் மின்சாரம் எளிதாகப் பாயாது. சோடா அதற்கு வழி செய்யும். பென்சில்களின் கீழ் முனைகள் தண்ணீரில் ஒன்றையொன்று தொடாமல் இருக்கட்டும். மேல் முனைகளை ஒரு 9 வோல்ட் பாட்டரியின் இரண்டு முனைகளோடு கம்பியால் இணையுங்கள்.

இரண்டு பென்சில் முனையிலும் குமிழிகள் வரும். பாட்டரியின் எதிர்முனையில் சேர்ந்த பென்சிலில் குமிழி அதிகம். அதுதான் ஹைட்ரஜன். மற்றதில் குறைவு. அது பிராண வாயு. இரண்டு பங்கு ஹைட்ரஜனுக்கு ஒரு பங்கு பிராண வாயு. இதுவே தண்ணீரின் கணக்கு.

எச்சரிக்கை! வீட்டுச் சுவரில் உள்ள மின்சாரத்தை இதற்குத் தொடவே கூடாது. உயிர் போய்விடும். டம்ளரை மூடவும் கூடாது. வாயுவைப் புட்டியில் பிடித்து வைக்கவும் கூடாது.

சோடாவுக்குப் பதில் சமையல் உப்பும் போடக் கூடாது. போட்டால் குளோரின் என்ற நச்சு வாயு வரும்.

வீட்டில் ஆகாத அந்தக் காரியத்தைத் தொழிற்சாலையில் தக்க பாதுகாப்போடு செய்கிறார்கள். உப்புத் தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சிக் குளோரினும் காஸ்டிக் சோடாவும் எடுக்கிறார்கள். மேட்டூர் ரசாயன ஆலை இந்தத் தொழிலுக்குப் பெயர் பெற்றது. காடா துணியின் பசையையும் அழுக்கையும் போக்கி வெளுப்பதற்குக் காஸ்டிக் சோடா வேண்டும். சோமனூர்த் துணிக்கும் மின்னாற்பகுப்புக்கும் இப்படி ஓர் உறவு உண்டு!

சாம்பல் எரியுமா?

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். தண்ணீரிலிருந்து சக்தி கிடைக்குமா?

விறகு எரிந்தால் சாம்பல் மிஞ்சும். அந்தச் சாம்பலை மறுபடி அடுப்பில் போட்டால் சோறு வேகுமா? வேகாது.

ஹைட்ரஜன் எரிந்தால் என்ன மிஞ்சும்? தண்ணீர்! ஆம். தண்ணீர் என்பது ஏற்கெனவே எரிந்து முடிந்த ஹைட்ரஜன்தான். எரியும்போது தன் சக்தியை வெப்பமாகக் கொடுத்துவிட்டது. மறுபடி அதை ஹைட்ரஜனாக்க வேண்டுமானால், கொடுத்த சக்தியைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். ஒரு பைசா குறைத்துக் கொடுத்தாலும் இயற்கை ஏற்றுக்கொள்வதில்லை.

கணக்குப் பாருங்கள்

9 லிட்டர் தண்ணீரைப் பிளந்தால் 1 கிலோ ஹைட்ரஜனும் 8 கிலோ பிராண வாயுவும் கிடைக்கும்.

அந்த 1 கிலோ ஹைட்ரஜனை எரித்தால் வரும் வெப்பம் சுமார் 39 யூனிட்டுக்குச் சமம். ஆனால் அதைப் பிரித்து எடுக்கத் தொழிற்சாலையில் 50 முதல் 55 யூனிட் வரை செலவாகிறது. ஒரு பகுதி வீணாகச் சூடாகிப் போய்விடுகிறது.

வெப்பத்தை வைத்துக்கொண்டு தறி ஓட்ட முடியாது. அதை மறுபடி மின்சாரமாக்க வேண்டும். நல்ல சாதனம் வைத்திருந்தாலும் 1 கிலோ ஹைட்ரஜனிலிருந்து 15 முதல் 20 யூனிட் வரைதான் திரும்பும்.

ஒரு விசைத்தறிக்காரர் தமக்குக் கிடைக்கும் 1,000 யூனிட் இலவச மின்சாரத்தால் தண்ணீரைப் பிளக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 20 கிலோ ஹைட்ரஜன் கிடைக்கும். அதைத் திரும்ப மின்சாரமாக்கினால் மிஞ்சிப் போனால் 400 யூனிட்! மீதி 600 யூனிட் போனது போனதுதான். பத்துப் பாவுக்கு நூல் வாங்கி நான்கு பாவுக்குத் துணி நெய்த கதை!

அந்த 1,000 யூனிட்டை நேரே தறிக்குக் கொடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

"தண்ணீர் கார்" வழக்கு

இந்தக் கணக்கைப் பாராமல் பணம் இழந்தவர்கள் மேல்நாட்டிலும் உண்டு.

அமெரிக்காவில் ஒஹாயோ மாகாணத்தில் ஸ்டான்லி மேயர் என்பவர் இருந்தார். தண்ணீரைப் பிளந்து ஓடும் கார் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னார். சில காலன் தண்ணீரிலேயே அமெரிக்காவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போய்விடலாம் என்றார். நம்பிப் பணம் போட்டவர்களில் இருவர் பின்னர் வழக்குத் தொடர்ந்தார்கள்.

நிபுணர்கள் அவருடைய சாதனத்தைச் சோதித்தார்கள். புதுமை எதுவும் அதில் இல்லை. பள்ளிக்கூடத்தில் காட்டும் அதே மின்னாற்பகுப்புதான்! 1996-ல் கோர்ட்டு அதை அப்பட்டமான மோசடி என்று கூறியது. 25,000 டாலரைத் திருப்பிக் கொடுக்கும்படி உத்தரவிட்டது.

பிறகு ஏன் பிளக்கிறார்கள்?

நஷ்டம் என்று தெரிந்தும் நாடுகள் ஏன் தண்ணீரைப் பிளக்கின்றன? காரணம் இருக்கிறது. ஹைட்ரஜன் பல காரியங்களுக்குத் தேவை.

முதலாவது உரம். காற்றிலுள்ள நைட்ரஜனோடு ஹைட்ரஜனைச் சேர்த்தால் அம்மோனியா கிடைக்கும். அதிலிருந்து உரம் செய்யலாம். பஞ்சாபில் பக்ரா அணையின் மின்சாரத்தைக் கொண்டு நங்கல் உரத் தொழிற்சாலையில் தண்ணீரைப் பிளந்தார்கள். அதோடு சேர்ந்து, அணு உலைக்கு வேண்டிய கனநீரும் கிடைத்தது. இந்தியாவின் முதல் கனநீர்ச் சாலை 1962-ல் அங்கேதான் தொடங்கியது.

இரண்டாவது ராக்கெட். திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கிறார்கள். கிரையோஜெனிக் எஞ்சினில் எரிவது குளிர்வித்துத் திரவமாக்கிய ஹைட்ரஜனும் பிராண வாயுவும்தான். எரிந்தபின் வெளியேறுவது நீராவி!

மூன்றாவது சேமிப்பு. இது கொங்கு நாட்டுக்கு நெருங்கிய விஷயம். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. காற்று பலமாக வீசும்போது வரும் மின்சாரம் முழுவதையும் அப்போதே செலவழிக்க முடிவதில்லை. சேமித்து வைப்பதும் எளிதல்ல. வீணாகும் அந்த மின்சாரத்தால் தண்ணீரைப் பிளந்து ஹைட்ரஜனைச் சேமித்தால், பாதி நஷ்டமானாலும் மீதி லாபம்தானே?

உலகில் இன்று ஹைட்ரஜனில் பெரும் பகுதியை இயற்கை வாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் எடுக்கிறார்கள். அதில் கரியமில வாயு வெளியேறிக் காற்றைக் கெடுக்கிறது. காற்று, வெயில் மின்சாரத்தால் தண்ணீரிலிருந்து எடுக்கும் ஹைட்ரஜனில் அந்தக் கேடு இல்லை. இதற்குப் "பசுமை ஹைட்ரஜன்" என்று பெயர். 2023 ஜனவரியில் மத்திய அரசு இதற்காக 19,744 கோடி ரூபாயில் ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தில் மணிக்கு 10 கன மீட்டர் ஹைட்ரஜன் தரும் சோதனைச் சாலை 2025 செப்டம்பரில் திறக்கப்பட்டது. துறைமுகக் குடியிருப்பில் தெருவிளக்கு எரிப்பது அதன் வேலைகளில் ஒன்று.

பைக்காராவின் பாடம்

தண்ணீரில் தறி ஓடுமா? ஓடியது உண்டு!

1930-களில் நீலகிரியின் பைக்காரா நீர் மின்சாரம் கோவைச் சீமைக்கு இறங்கி வந்தது. ஆலைகள் பெருகின. ஆனால் பைக்காராவில் தண்ணீரை யாரும் பிளக்கவில்லை. அது உயரத்திலிருந்து விழுந்து சக்கரத்தைச் சுழற்றியது. அவ்வளவு உயரத்துக்கு அதை ஏற்றி வைத்தது யார்? சூரியன்! கடல் நீரை ஆவியாக்கி, மேகமாக்கி, மலைமேல் மழையாகப் பொழிய வைத்தது அதன் வெயில்தான்.

சக்தியை யாராவது கொடுத்தால்தான் தண்ணீர் அதைத் திருப்பித் தரும். சும்மா தராது.

எனவே யாராவது "தண்ணீர் எந்திரம்" கொண்டுவந்தால் வாக்குவாதம் வேண்டாம். "ஏனுங்க, உள்ளே போவது எத்தனை யூனிட்டுங்க? வெளியே வருவது எத்தனை யூனிட்டுங்க?" என்று கேளுங்கள். இரண்டு பக்கமும் மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

காட்டும் வரையில் பணம் உங்கள் பெட்டியிலேயே இருக்கட்டும்!