ஆறு மாத மருந்து, எட்டில் ஓர் உயிர்

ராப்டோமயோசார்க்கோமா, தசையாக வளர வேண்டிய இளம் செல்களில் தோன்றும் அரிய புற்றுநோய். அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 350 பிள்ளைகளுக்கு வருகிறது. மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோருக்குக் கட்டி தலையிலோ கழுத்திலோதான்: கண்குழி, மூக்கின் உட்புறம், நடுக்காது.

வரவு

அமெரிக்க மருத்துவமனைகளின் கூட்டாய்வு 1972இல் தொடங்கியது. ஐந்தாண்டு கடந்து உயிருடன் இருந்தோர் முதல் ஆய்வில் 55%, இரண்டாவதில் 63%, மூன்றாவதில் (1984–91) 71%. ஒரு காலத்தில் கண்குழிக் கட்டிக்குக் கண்ணையே அகற்றினார்கள். இன்று சிறு திசுவை எடுத்துச் சோதித்து, மருந்தும் கதிர்வீச்சும் தருகிறார்கள். 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் பிழைக்கிறார்கள்.

அளவு

2006 முதல் 2016 வரை 14 நாடுகளில், கடும் ஆபத்துப் பிரிவைச் சேர்ந்து, வழக்கமான சிகிச்சையில் நோய் அடங்கிய 371 பேரை ஐரோப்பிய ஆய்வு ஒன்று இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதிக்கு அத்துடன் மருந்து நிறுத்தம். மறுபாதிக்கு இன்னும் ஆறு மாதம் குறைந்த அளவில் மருந்து.

உடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கான கணக்கு இது:

- வழக்கமான சிகிச்சை: ஐபாஸ்பமைடு 9 சுற்று × 6 கிராம் = 54 கிராம்
- கூடுதல் ஆறு மாதம்: வினோரெல்பின் 18 ஊசி × 25 மி.கி. = 450 மி.கி.
- அதனுடன் சைக்ளோபாஸ்பமைடு, வாய்வழியாக: 168 நாள் × 25 மி.கி. = 4.2 கிராம்

ஐந்தாண்டில் உயிருடன் இருந்தோர்: நிறுத்தியவர்களில் 73.7%, தொடர்ந்தவர்களில் 86.5%. வித்தியாசம் 12.8 புள்ளி. அதாவது, எட்டுப் பிள்ளைகளுக்கு மருந்தைத் தொடர்ந்தால் கூடுதலாக ஓர் உயிர் பிழைக்கிறது. கூடுதலாகத் தந்த இரண்டும் புதிய மருந்துகள் அல்ல. வினோரெல்பினின் மூலம், தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களில் பயிராகும் நித்தியகல்யாணிச் செடி.

செலவு

கண்குழிக்கு 45 கிரே கதிர்வீச்சு என்றால் 25 அமர்வுகள், ஐந்து வாரம். அதன் விலையைப் பிள்ளை பிறகும் செலுத்துகிறது: கண்புரை, ஒருபக்கம் வளராத முகவெலும்பு, பல் குறைபாடு, வளர்ச்சி ஹார்மோன் குறைவு. ஆகவே, சிகிச்சை முடிந்த பிறகும் பல ஆண்டுகள் கண், பல், உயரம் மூன்றையும் பார்த்துவர வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். வலியின்றி வேகமாகப் பிதுங்கும் கண், ரத்தம் கலந்த மூக்குநீர், சொட்டு மருந்துக்கு அடங்காத காதுச்சீழ் – இவை நீடித்தால் ஸ்கேனும் திசுப் பரிசோதனையும் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். சிகிச்சை தொடங்கியபின், கட்டி மறைந்துவிட்டது என்று நீங்களாக மருந்தை நிறுத்தாதீர்கள்.