அணை இடிந்தது, சால்மன் திரும்பியது: எல்வா ஆறு மீண்டது எப்படி?

2023 அக்டோபரில், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஓடும் எல்வா ஆற்றில் லோயர் எல்வா கிளாலம் பழங்குடியினர் கோஹோ வகை சால்மன் பிடித்தார்கள். அணைகள் அகற்றப்பட்ட பிறகு அவர்கள் அங்கே மீன் பிடித்தது அதுவே முதல் முறை.

மீன் ஏன் மறைந்தது?

சால்மன் ஆற்றில் பிறந்து கடலில் வளரும். முட்டையிடுவதற்காகத் தான் பிறந்த ஆற்றுக்கே திரும்பும். எல்வாவில் அந்த வழி அடைபட்டது. கடலிலிருந்து வெறும் 8 கி.மீ. தொலைவில் 1913-இல் எல்வா அணை எழுந்தது. அதற்கும் மேலே 1927-இல் 64 மீட்டர் உயர க்ளைன்ஸ் கேன்யன் அணை வந்தது. ஆலைகளுக்கு மின்சாரம் கிடைத்தது. மீன் ஏறிச்செல்ல வழி வைக்க வேண்டும் என்ற மாநிலச் சட்டமோ காற்றில் பறக்கவிடப்பட்டது. கிளாலம் மக்கள் தங்கள் இனம் தோன்றிய இடமாகப் போற்றும் தலமும் நீர்த்தேக்கத்தில் மூழ்கியது.

உரிமை என்ன ஆனது?

நிலத்தை விட்டுக்கொடுத்த இம்மக்களுக்கு, வழக்கமான இடங்களில் மீன்பிடிக்கும் உரிமையை அமெரிக்க அரசுடனான 1855 ஒப்பந்தம் உறுதி செய்தது. பிடிக்கத்தக்க மீனில் பாதி வரை ஒப்பந்தப் பழங்குடிகளுக்கு உரியது என்று 1974-இல் நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. ஆனால் மீனே அருகிப்போன ஆற்றில் அந்த உரிமையால் என்ன பயன்? அணைகளை அகற்றக் கோரி அவர்கள் விடாமல் போராடினார்கள். 1992-இல் அமெரிக்க நாடாளுமன்றம் எல்வா மீட்புச் சட்டத்தை இயற்றியது. 2011 செப்டம்பரில் இடிப்பு தொடங்கி, 2014 ஆகஸ்டில் முடிந்தது.

இடித்ததும் மீன் வந்துவிட்டதா?

இல்லை. அணைகளுக்குப் பின்னால் சுமார் 2 கோடி கன மீட்டர் வண்டல் சேர்ந்திருந்தது. அது கரைந்து இறங்கியபோது ஆறு சேறாக ஓடியது. அந்த ஆண்டுகளில் பழங்குடியினரின் குஞ்சு பொரிப்பகம் மீனினத்துக்கு அடைக்கலம் தந்தது. மாநில அரசும் ஆறு ஓடும் தேசியப் பூங்காவின் நிர்வாகமும் மீன்பிடியை நிறுத்திவைத்தன. பழங்குடியினரும் தாங்களாகவே வலையைச் சுருட்டி வைத்தார்கள். கடலுக்கு வந்த வண்டலால் முகத்துவாரத்தில் புதிய கடற்கரை உருவானது. சினூக், கோஹோ, ஸ்டீல்ஹெட் மீன்கள் பழைய அணைத் தடங்களைத் தாண்டி மேலேறின.

மீட்சி இன்னும் முழுமையடையவில்லை. 2023-இல் தரப்பட்டது கோஹோ பிடிப்பதற்கான சிறு அனுமதி மட்டுமே. அணையை இடிக்க 3 ஆண்டுகள் போதுமாக இருந்தன. மீன் பெருகும்வரை 12 ஆண்டுகள் கைகட்டிக் காத்திருந்தவர்கள், அந்த மீன்மேல் உரிமை உள்ளவர்கள். இந்த வெற்றியில் முதல் மரியாதை அவர்களுக்கே உரியது.