கோடைப் படமும் குடும்பத்தாரும்

கோடை விடுமுறை நெருங்கிவிட்டால் அணுசக்தி நகரிலும் அதனை அடுத்த மான்கூர்டு, செம்பூர்ப் பகுதிகளிலும் வாழும் நம்மவர் இல்லங்களில் இரண்டு பேச்சுகள் எழும். ஒன்று ஊருக்குச் செல்லும் இரயில் பயணச்சீட்டைப் பற்றியது. மற்றொன்று பிள்ளைகளை எந்தப் படத்திற்கு அழைத்துச் செல்வது என்பது. முதற்பேச்சு நமக்குப் பழகியது. இரயில்வே அலுவலகத்தில் எழுத்தர் பணி நம்முடையது. முன்பதிவு 120 நாட்களுக்கு முன் தொடங்கிய காலம் போய், 2024 நவம்பர் முதல் 60 நாட்களுக்கு முன்னரே தொடங்குகிறது என்பதை எத்தனை அன்பர்களுக்கு எடுத்துரைத்தோம் என்பதற்குக் கணக்கில்லை. இரண்டாம் பேச்சுத்தான் எளிதில் முடிவதில்லை. அதிலும் படம் சித்திரப் படமாகிவிட்டால் வழக்கு வளர்ந்துவிடும். கையால் வரைந்தவற்றையும் கணினியால் ஆக்கியவற்றையும் அப்பெயராலேயே இங்குக் குறிக்கிறோம்.

“சித்திரப் படம் சிறுவர்க்கு உரியது. அதற்கு நால்வர் கட்டணம் கொடுப்பானேன்? சில வாரங்களில் வீட்டுத் திரையிலேயே வந்துவிடுமே!” என்பர் ஒரு சாரார். இதனை எளிதில் தள்ளிவிட இயலாது. தமிழ்நாட்டில் திரையரங்குக் கட்டணத்திற்கு அரசு வரம்பு விதித்திருக்கிறது. மகாராஷ்டிரத்தில் அத்தகைய வரம்பு இல்லை. நால்வர் சென்று, இடைவேளையில் சோளப்பொரியும் வாங்கித் தின்று திரும்பும் செலவில், ஒருவர் படுக்கை வகுப்பில் சென்னைக்கே போய்ச் சேரலாம்.

“தாத்தா முதல் பேத்தி வரை கூச்சமின்றி ஒருங்கே அமர்ந்து பார்க்கத் தக்கது இன்று இது ஒன்றே” என்பர் மற்றொரு சாரார். நாம் இவர்கள் பக்கம். ஆயினும் முழுவதும் அல்ல. 2016 ஏப்ரல் 8ஆம் நாள் வெளிவந்த ‘ஜங்கிள் புக்’ படத்திற்குத் தணிக்கை வாரியம் யு/ஏ சான்று அளித்தது. முப்பரிமாணத்தில் விலங்குகள் பாய்ந்து வருவது குழந்தைகளை அச்சுறுத்தும் என்பது காரணம். நாடெங்கும் பலர் நகைத்தனர். புலி பாய்ந்தபோது ஐந்து வயது மகள் மடியில் ஏறிக் கழுத்தைக் கட்டிக்கொண்டதைக் கண்ட தாய் ஒருவரை நாம் அறிவோம், அவர் நகைக்கவில்லை. 2023ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படி அச்சான்று இன்று 7, 13, 16 என்னும் வயதுகளால் மூவகையாகப் பிரிந்துள்ளது. சீட்டு வாங்குமுன் அந்த எண்ணைப் பார்ப்பவர் நம்முள் எத்தனை பேர்?

2025 ஜூலை 25இல் வெளிவந்த ‘மகாவதார் நரசிம்மா’வைப் பக்திப் படம் என்று நம்பிக் கைக்குழந்தைகளையும் தூக்கிச் சென்றனர். தூணிலிருந்து சிங்கம் வெளிப்பட்டது. இரணியன் வயிறு கிழிந்தது. “பிரகலாதன் கதையில் இது புதிதா? நாங்கள் சொல்லாததா?” என்று கேட்டார் ஒரு பாட்டியார். புதிதன்று. ஆயினும் சொல்லக் கேட்கும் குழந்தை, தன்னால் தாங்கக்கூடிய அளவு இரத்தத்தையே மனத்தில் வரைந்துகொள்கிறது. திரை அவ்வாறு விட்டுக்கொடுப்பதில்லை.

கோடைப் படம் என்றால் நம்மவர் மறவாதது ‘கோச்சடையான்’. 2014 மே 9 என்று குறித்த வெளியீடு மே 23க்குத் தள்ளிப்போயிற்று. மாதுங்காவில் பார்க்க எண்ணியிருந்தோர் சிலர் திருநெல்வேலியில் பார்க்க நேர்ந்தது. ரஜினிகாந்தின் அசைவுகளைக் கருவிகளாற் பதிந்து கணினியால் உருவாக்கிய படம். இயக்கியவர் அவர் மகள் சௌந்தர்யா. 2009இல் மறைந்த நாகேஷையும் அதில் உலவவிட்டனர். பெரியோர் பலர் “கண்ணில் உயிரில்லை, பொம்மை” என்று முகஞ்சுளித்தனர். சிறுவர்க்கோ அது ஒரு வீரன் கதை; குறையொன்றும் கண்டிலர். நம் கருத்தில் அதன் குறை சித்திரமாக இருந்தது அன்று. நாம் நன்கறிந்த ஒருவரைப் போலவே இருக்க முயன்றதுதான். அவர் தலைமுடியைக் கோதும் விதம் நமக்குத் தெரியும். வரைந்த மானுக்கு அந்த இடர் இல்லை.

இனி மொழி வழக்கு. உண்மையில் மற்ற வழக்குகளெல்லாம் இதன் முன் சிறியவை. 2019 ஜூலை 19இல் வந்த ‘லயன் கிங்’ படத்தில், தொடக்கத்தில் வரும் ஒரே ஒரு காட்சி நீங்கலாக, அனைத்தும் கணினியின் ஆக்கம். தமிழில் சிம்பாவுக்குச் சித்தார்த்தும், கொடிய சிற்றப்பனுக்கு அரவிந்த்சாமியும், பன்றிக்கும் கீரிக்கும் 2025இல் மறைந்த ரோபோ சங்கரும் சிங்கம்புலியும் குரல் கொடுத்தனர். “காட்டுப் பன்றிக்குச் சென்னைப் பேச்சா?” என்று முதியோர் கடிந்தனர். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தனர். எட்டாம் வகுப்பில் பயிலும் சிறுவன் ஒருவன் மட்டும், “மூலம் ஆங்கிலம், அதில் பார்ப்பதே முறை” என்றான். ஆப்பிரிக்கச் சிங்கத்திற்கு ஆங்கிலம் மட்டும் தாய்மொழியா, தம்பி? நடிகர் முகம் தோன்றும் படத்தில் உதடு ஒன்று சொல்ல, ஒலி ஒன்று சொல்லும். விலங்கின் வாயில் அவ்விடர் மிகக் குறைவு. ஆதலால் மொழிமாற்றத்தால் குறைவாக இழப்பது சித்திரப் படமே.

நம் பிள்ளைகள் வகுப்பில் ஆங்கிலமும், விளையாட்டிடத்தில் இந்தியும், கடைத்தெருவில் மராத்தியும் பேசுகின்றனர். தமிழ் வீட்டில் காதில் விழுகிறது. மறுமொழி வேறொரு மொழியில் வருகிறது. தமிழ்ச் சிங்கத்தைக் கண்டு வந்த பிள்ளை ஒரு மாதம் அவ்வசனங்களையே திரும்பச் சொல்லித் திரிகிறது. அது செந்தமிழன்று; நமக்கும் இன்னும் சற்று நல்ல தமிழ் வேண்டும் என்ற ஆசை உண்டு. ஆயினும், ஊரிலுள்ள ஆச்சியுடன் தொலைபேசியில் ஒரு சொல்லும் பேசாத பேரன் பன்றியின் வசனத்தைச் சொல்ல, ஆச்சி சிரித்து ஏதோ கேட்க, அவன் தமிழில் விடை சொன்ன வீடு ஒன்று உண்டு.

இக்கலை வெளிநாட்டாருடையது என்போர்க்கு ஒரு செய்தி. சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயின்ற ராம் மோகன் என்னும் இளைஞர் மேற்படிப்புக்காக இந்நகர் வந்தார். அதனை விடுத்து, 1956இல் அக்காலத்துப் பிலிம்ஸ் டிவிஷனின் சித்திரப் படப் பிரிவில் சேர்ந்தார். டிஸ்னி நிறுவனத்திலிருந்து வந்த கிளேர் வீக்ஸ் அங்குப் பயிற்சி அளித்தார். பிற்காலத்தில் ராம் மோகன் இந்தியச் சித்திரப் படக் கலையின் தந்தை எனப் பெயர் பெற்றார். 2014இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். வேதியியலைக் கைவிட்டுப் படம் வரையப் போகிறேன் என்று நம் நகரில் இன்று ஒரு பிள்ளை சொன்னால் வீட்டில் என்ன நடக்கும் என்பதை வாசகர் எண்ணிக்கொள்க. ஜப்பானியரான யூகோ சாகோவுடன் அவர் இணைந்து இயக்கிய இராமாயணப் படம் 1990களின் தொடக்கத்தில் உருவானது. 2025 ஜனவரி 24இல்தான் தமிழிலும் நம் நாட்டு அரங்குகளுக்கு வந்தது.

தமிழ்ப் பதிப்பு இருந்தும் மும்பையில் அதனைக் காண்பது எளிதன்று. நாம் விசாரித்த ஓர் அரங்கில் ஆங்கிலத்திற்கும் இந்திக்கும் பகலெல்லாம் காட்சிகள். தமிழுக்கு இரவு பத்தரைக்கு மேல் ஒன்று. எந்தக் குழந்தை விழித்திருக்கும்? கேட்டால், கூட்டம் வருவதில்லை என்கின்றனர். மேலும் அமெரிக்கரின் கோடை நம் கோடையன்று. அவர்கள் விடுமுறைக்கென எடுக்கும் படங்களுள் பல ஜூன், ஜூலையில்தான் வருகின்றன. அப்போது இங்கே மழை, பள்ளியும் திறந்துவிடும்.

நூறு இருக்கைகளை ஒருங்கே எடுத்துக்கொண்டால் ஞாயிறு காலையில் தமிழ்க் காட்சி தருவதாக அவ்வரங்கினர் கூறினர். மே மாதத்தில் நூறு தமிழரை இங்கே திரட்டுவது அரிது. தாதரிலும் குர்லாவிலும் புறப்படும் வண்டிகளின் காத்திருப்புப் பட்டியலே அதற்குச் சான்று. ஆகவே ஜூன் மாதக் கடைசி ஞாயிறு கிடைக்குமா என்று கேட்டிருக்கிறோம். மறுமொழி இன்னும் வரவில்லை. செம்பூரிலிருந்து முதிய அம்மையார் ஒருவர் எட்டு இருக்கைக்குப் பெயர் கொடுத்துவிட்டார். ஆங்கிலமே வேண்டுமென்ற அச்சிறுவன் அவருடைய பேரன்தான். வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.