ஒரு மாசக் கணக்கு பத்தாது பாஸ்!

பாபநாசத்துக்கு மேலே, பொதிகை மலைக் காட்டுக்குள் சலசலக்கும் ஓர் ஓடை. மார்ச் மாதம். முழங்கால் அளவுத் தண்ணீர். அடியில் கிடக்கும் கல் ஒன்றைப் புரட்டுங்கள். ‘ஐயே, என்னமோ ஊருது!’ என்று கையை உதறிவிடாதீர்கள். அங்கே இருப்பவர்கள் வி.ஐ.பி.க்கள்!

பெரும்பாலும் மூன்று வால், வயிற்றின் இரு பக்கமும் படபடக்கும் செவுள் என்றால் மேஃபிளையின் இளம்பூச்சி. இரண்டே வால் என்றால் ஸ்டோன்ஃபிளையாக இருக்கலாம். மணலைப் பட்டு நூலால் ஒட்டிக் கூடு கட்டி, உள்ளே பதுங்கியிருப்பது கேடிஸ்ஃபிளையின் புழு. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஆக்ஸிஜன் நிறைந்த சுத்தமான தண்ணீர் வேண்டும். அதனால்தான் ஆற்றுக்கு ஹெல்த் செக்கப் செய்பவர்கள் முதலில் இவற்றைத் தேடுகிறார்கள்.

சரி, இதே ஓடைக்கு டிசம்பரில் பெருமழை ஓய்ந்த கையோடு போனால்? கல்லைப் புரட்டினால் பல இடங்களில் ஒன்றுமே இருக்காது. ‘எவனோ விஷத்தைக் கலந்துட்டான்டா’ என்று கொதிக்காதீர்கள். செய்தது மழை!

குளிர் நாடுகளில் பூச்சிகளின் காலண்டரைப் பெரும்பாலும் பனியும் வெயிலும் எழுதுகின்றன. நம் காடுகளில் அந்த வேலையை மழை செய்கிறது. தாமிரபரணிக்கோ தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழை. வெள்ளம் வந்தால் கல்லே உருளும்போது பூச்சி எம்மாத்திரம்? 2023 டிசம்பரில் அந்த ஆறு ஆடிய ஆட்டம் நெல்லைக்காரர்களுக்குத் தெரியும்.

ஆனால், கதை அங்கே முடிவதில்லை. கல்லிடுக்கிலும் மணலுக்கு அடியிலும் கரையோர வேரிலும் கொஞ்சம் தப்பிப் பிழைக்கும். பக்கத்து ஓடைகளிலிருந்து சிறகு முளைத்தவை பறந்து வந்து முட்டையிடும். தண்ணீர் தெளியும். கல்லில் பாசி படரும், சாப்பாடு ரெடி! பொதுவாக ஜனவரிக்குப் பிறகு கூட்டம் ஏறுகிறது. ஏப்ரல், மே மாதங்களில் ஓட்டம் குறைந்து குட்டை குட்டையாகத் தேங்கினால் சீன் மாறும். வேகமான நீரை விரும்புபவை ஒதுங்க, தட்டானின் குஞ்சுகளும் நீர்வண்டுகளும் இடம் பிடிக்கும்.

ஒரே ஓடை, மூன்று முகம்!

இங்கேதான் ஃபைனல் இயர் புராஜெக்ட்காரர்கள் உஷாராக வேண்டும். நவம்பரில் ஒரு நாள் போய் எண்ணிவிட்டு, ‘ஆறு செத்துப்போச்சு’ என்று எழுதினால் தப்பு. மார்ச்சில் எண்ணிக்கையை மட்டும் பார்த்து, ‘ஆறு சூப்பர்’ என்றாலும் தப்பு. எண்ணியதெல்லாம் சாக்கடையிலும் தாங்கும் ரத்தப்புழுவாக இருந்தால்?

மழை கொண்டுபோனதைத் திருப்பித் தந்துவிடும். அழுக்கு அப்படித் தராது. மழை ஓய்ந்து மாதக்கணக்கான பிறகும் ஸ்டோன்ஃபிளையும் மேஃபிளையும் திரும்பவில்லையா? அப்போது கேளுங்கள் கேள்வி! சாக்கடை கலக்கிறதா, சோப்பும் ஷாம்பும் காரணமா, பரிகாரம் என்று ஆற்றில் விட்ட துணிகளா, மணல் அள்ளியதா? பருவம் பருவமாக எடுத்த கணக்கு கையில் இருந்தால், ‘எல்லாம் மழையாலதான் தம்பி’ என்று யாரும் உங்களைச் சமாளிக்க முடியாது.

செய்முறை சிம்பிள். நீரோட்டத்தின் கீழ்ப்பக்கம் வலையைப் பிடித்து, மேல்பக்கக் கற்களைக் காலால் ஒரு நிமிடம் கிளறுங்கள். வெள்ளைத் தட்டில் கொட்டி, வகை பிரித்து எண்ணி, திரும்ப ஆற்றிலேயே விடுங்கள். மழைக்கு முன், மழை ஓய்ந்ததும், கோடையில் என அதே இடத்தில், அதே முறையில்! வெள்ளம் ஓடும்போது இறங்கவே கூடாது. களக்காடு - முண்டந்துறை புலிகள் காப்பகம் போன்ற இடங்களில் வனத்துறை அனுமதி கட்டாயம்.

ஒரு வலை, ஒரு வெள்ளைத் தட்டு, சேற்றில் இறங்க முகம் சுளிக்காத இரண்டு ஃப்ரெண்ட்ஸ். லேப் ரெடி... கிளம்புங்க!