வளைந்த கூரைக்குள் தெர்மோகோல்!
கார் இழுக்கும் வீட்டில் ஒரு கைவேலை

அமெரிக்காவில் காரின் பின்னால் ஒரு படுக்கை அறையையே மாட்டி இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறார்கள். துளி வடிவத்தில் இருப்பதால் இதற்குக் "கண்ணீர்த்துளி டிரெய்லர்" என்று பெயர்.

இது 1930-ம் ஆண்டுகளில் பரவிய வழக்கம். கைவேலை தெரிந்தவர்கள் தாங்களே செய்துகொள்வதும் உண்டு. 1947-ல் "மெக்கானிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்" என்ற பத்திரிகை இதற்கு வரைபடமே வெளியிட்டது. சுமார் 4 அடி அகலம், 8 அடி நீளம். இரண்டு பேர் படுக்கலாம். சமையல், பின்பக்க மூடியைத் தூக்கி வைத்துக்கொண்டு வெளியே!

வியர்க்கும் கூரை

வெளியே போர்த்துவது மெல்லிய அலுமினியத் தகடு. பகலில் சுடும், இரவில் சில்லிடும். உள்ளே தூங்குகிறவர்களின் மூச்சில் உள்ள ஈரம், குளிர்ந்த தகட்டில் பட்டு நீராகும். ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்புறம் நீர் கோர்க்கிறது அல்லவா? அதுபோலத்தான். விடிந்தால் படுக்கை நனைந்திருக்கும். நாளடைவில் மரச்சட்டம் மக்கிப்போகும்.

இதைத் தடுக்கவே உள்ளே தெர்மோகோல் போன்ற நுரைப்பலகை வைக்கிறார்கள். அதன் நுண்ணறைகளில் அடைபட்ட காற்று, வெப்பத்தை எளிதில் கடக்க விடாது. ஆனால் கூரை வளைந்திருக்கிறதே! பலகையை வளைத்தால் முறிந்துவிடும்.

கீறினால் வளையும்

அதற்கு ஒரு வழி உண்டு. பலகையின் உள்பக்கத்தில், சுமார் ஒன்றரை அங்குலத்துக்கு ஒன்று வீதம், ரம்பத்தால் குறுக்கே கீற வேண்டும். கனத்தில் முக்கால் பங்கு ஆழம் போதும். ரம்பம் தூளாக்கி எடுத்த இடைவெளி, வளைக்கும்போது மூடிக்கொள்ளும். கத்திக் கீறலில் இந்த இடைவெளி கிடைக்காது. வளைவு கூடும் இடத்தில் கீறல்களை நெருக்க வேண்டும்.

இன்னொரு வழி, அரை அங்குலப் பலகைகளை இரண்டு அடுக்காக ஒட்டுவது. செங்கல் வரிசை போல, ஒரு இணைப்பின்மேல் மற்றொரு இணைப்பு வரக் கூடாது.

இடுக்குதான் எதிரி

தகட்டுக்கும் பலகைக்கும் நடுவே இடுக்கு இருந்தால், ஈரக்காற்று அங்கே புகுந்து கண்ணுக்குத் தெரியாமல் நீராகும். இடுக்குகளை டப்பாவில் வரும் நுரையால் அடைக்கலாம். சிறிது சிறிதாகத்தான் அடிக்க வேண்டும். அது உப்பும்போது தகட்டையே வெளியே தள்ளிவிடும்!

எச்சரிக்கை

சில பசைகள் தெர்மோகோலைக் கரைத்துவிடும். முதலில் ஒரு துண்டில் தடவிப் பாருங்கள். மின்கம்பியைக் குழாய்க்குள் விடுங்கள்; தெர்மோகோலோடு ஒட்டிக் கிடந்தால் பி.வி.சி. உறை நாளடைவில் கெட்டிப்பட்டு வெடிக்கும்.

தெர்மோகோல் தீப்பிடித்தால் கரும்புகை மூச்சை அடைக்கும். எனவே அதன்மேல் பிளைவுட் அடித்து மூடியே ஆக வேண்டும். காற்றுத் துவாரத்தை மட்டும் அடைக்கவே கூடாது. மூடிய அறையில் எரியும் அடுப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே உயிரைக் குடித்துவிடும்.

மும்பையிலும் பெங்களூரிலும் தகரக் கூரையின்கீழ் குடியிருந்து, வெயிலுக்குத் தெர்மோகோல் ஒட்டும் நம்மவர்களுக்கும் இதே கணக்குதான். இடுக்கில்லாமல் ஒட்டுங்கள். பலகை அடித்து மூடுங்கள். ஸ்டவ்வைத் தள்ளி வையுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள்!